அண்ணனை ஏற்றிப்போன வில்வண்டி

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் பாகூர் கொம்யூனில் வில்வண்டி செய்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆடாத வில்வண்டி செய்தவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதோடு சரி. மிச்சமெல்லாம் உலைக்கு முன்னால் நின்று, கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். என் வண்டியில் யாரும் எதையும் திருத்த வேண்டியிருந்ததில்லை.

பட்டறையில் நாங்கள் இரண்டு பேர். அண்ணன் சம்மட்டி அடிப்பார், நான் இரும்பைப் பிடித்துத் திருப்புவேன். பார்க்கிறவர்களுக்கு அண்ணன்தான் பெரிய வேலைக்காரர் மாதிரி தெரியும். யோசனையெல்லாம் என்னுடையது. அண்ணனுக்கும் அது தெரியும். பட்டறைக்கு வருகிறவர்களிடம், "நம்மகிட்ட கேக்காதீங்க, சின்னவன்கிட்ட கேளுங்க. எனக்கு ஒடம்பு, அவனுக்கு மண்டை" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். அவர் சிரித்தால் பட்டறைத் தகரமே அதிரும்.

வில்வண்டி என்றால் என்னவென்று இப்போது பிள்ளைகளுக்குத் தெரியாது. கட்டை வண்டியில் அச்சின் மேலேயே பாரம் உட்கார்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடி அப்படியே உட்கார்ந்திருப்பவன் முதுகெலும்புக்குப் போகும். வில்வண்டியில் அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்து வைத்திருப்பார்கள். பள்ளம் வந்தால் அந்த வில் நிமிர்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். எல்லாரும் இதோடு நிறுத்திக்கொண்டார்கள். வாங்கின அடியை வில் சும்மா வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுக்கும் என்பதை நான்தான் கவனித்தேன். ஒரு பள்ளத்துக்கு வண்டி ஒருதரம் இறங்கும், அப்புறம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டம் நிற்பதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஆளைத் தூக்கிப் போடும். மிராசுதார் வீட்டுப் பெண்கள் வில்வண்டியில் வாந்தி எடுப்பது அதனால்தான். வெயில் என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போவார்கள்.

இதற்கு ஒரு வழி எனக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரத் துரை ஒருவருடைய மோட்டார் கார் ஏரிக்கரைப் புளியமரத்தில் மோதி, சரிசெய்ய முடியாமல் எங்கள் பட்டறைக்குப் பழைய இரும்பாக வந்தது. அதன் வில்லுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு இரும்புக் கைகள் இருந்தன. கைகள் சேரும் இடத்தில் இரும்புத் தகட்டுக்கு நடுவில் தோல் வட்டை. மேலே ஒரு திருகு. வில் ஆடும்போது கத்தரிக்கோல் விரிந்து மூடும். தோல் இரும்போடு உராயும். அந்த உராய்வு ஆட்டத்தைத் தின்றுவிடும். திருகை முடுக்கினால் இறுகும், தளர்த்தினால் மெத்தென்று போகும். யாரும் எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கழற்றினேன், பார்த்தேன், புரிந்தது.

அந்தக் கைகளைக் கொஞ்சம் நீட்டி அடித்து எங்கள் சொந்த வண்டியில் இரண்டு பக்க வில்லுக்கும் மாட்டினேன். முதலில் ஏறி உட்கார்ந்தவர் அண்ணன். நான் ஏரிக்கரைமேல் மாட்டை விரட்டினேன்.

"டேய், வண்டி ஓடுதா நிக்குதா?" என்றார்.

"கீழ பாருங்க."

"பார்த்தன்டா. ரோடு ஓடுது. நான் எங்க வூட்டுல குந்தியிருக்கிற மாதிரி இருக்கன்."

அந்த வார்த்தைக்காக இன்னும் பத்து வண்டி செய்யலாம் என்று இருந்தது எனக்கு.

அந்த வருஷம் கரும்பு வெட்டுக் காலத்தில், பாரம் ஏற்றின கட்டை வண்டி ஒன்று அச்சு முறிந்து எங்கள் பட்டறை வாசலில் நின்றது. பாரத்தை இறக்கச் சொன்னார் அண்ணன். வண்டிக்காரர், ஆலைக்கு நேரமாகிறது, அப்படியே நெம்பித் தூக்கி மாற்றுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். பனங்கழியைக் கொடுத்துத் தூக்கினோம். அண்ணன் அடியில் போனார். கழி வழுக்கியது. கரும்பு முழுவதும் அவர் வயிற்றின்மேல் வந்து உட்கார்ந்தது.

கரும்பைத் தள்ளி வெளியே இழுத்தபோது பேச்சு இருந்தது. எலும்பு கட்டுகிறவரை அழைத்துவந்தோம். அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "எலும்புன்னா நான் கட்டுவன். இது உள்ளாற ஏதோ கிழிஞ்சிருக்குது. எனக்கு ஆவாது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க" என்றார். பொழுது விடிவதற்குள் அண்ணன் வயிறு பறைமாதிரி இறுகிவிட்டது.

கடலூர்ச் சாலையில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கவைத்து ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போவதென்றால் நடுவில் இங்கிலீஷ்காரன் சீமை ஒரு துண்டு குறுக்கே வரும். நம்முடைய பிரெஞ்சு எல்லையை விட்டு அவன் எல்லைக்குள் போய், மறுபடி நம்முடைய எல்லைக்குள் ஏற வேண்டும். தெற்கே ஒரு சுங்கச் சாவடி, வடக்கே ஒரு சாவடி. அந்தத் துண்டுக்குள் அடிபட்ட ஆள் யாராவது செத்துவிட்டால் அவ்வளவுதான். எந்த நாட்டு ஆள், எப்படி அடி, யார் அடித்தது என்று கேட்டு, உடம்பைக் கடலூருக்குக் கொண்டுபோய் அறுப்பார்கள். எங்கள் பக்கத்து ஊரில் மரத்திலிருந்து விழுந்த ஒருவர் அப்படி வழியில் இறந்துபோய், வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பொட்டலம்தான். முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. எடுத்து அப்படியே சுடுகாட்டுக்குப் போனார்கள். அதிலிருந்து எங்கள் பக்கத்தில் நோயாளியை அந்த வழியாகக் கொண்டுபோக எல்லாருக்கும் பயம்.

"என் வண்டி இருக்குது. நான் கொண்டுபோறன். அண்ணன் மேல ஒரு தூசு குலுங்காது" என்றேன் அம்மாவிடம். அம்மா அண்ணனின் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் போட்டு அண்ணனைக் கிடத்தினோம். அண்ணி உள்ளே ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கையில் ஒரு பனையோலை விசிறி. நான் முன்னால் உட்கார்ந்து மாட்டைப் பிடித்தேன். வேறு யாரும் வரவில்லை. ஆள் கூடினால் பாரம் கூடும், வில் வேறு மாதிரி ஆடும் என்று நான்தான் வேண்டாமென்றேன்.

பாகூர் மண்பாதை மோசம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணன் முனகினார். அந்த முனகலைக் கேட்டுக் கேட்டு நான் வண்டியை நிறுத்துவேன், இறங்கித் திருகைக் கொஞ்சம் தளர்த்துவேன், ஏறுவேன். மறுபடி கேட்பேன். ஆட்டம் மிஞ்சினால் கொஞ்சம் முடுக்குவேன். எந்த டாக்டரும் நாடியை அவ்வளவு கவனமாகப் பிடித்திருக்க மாட்டான்.

"இன்னாடா, வழியெல்லாம் பட்டறை வேலையா?" என்றார் அண்ணன் ஒருதரம். கண்ணைத் திறக்கவில்லை.

"பேசாம இருங்க. வலிக்குதா?"

"வலிக்குதுடா. உன் வண்டிமேல குத்தம் இல்ல. என் வயித்துலதான் பள்ளம்."

அண்ணி சிரித்துவிட்டார். அழுதுகொண்டே சிரித்தார்.

தெற்குச் சாவடியில் இருந்தவருக்கு எங்களைத் தெரியும். அவருடைய மாமனார் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டம் கட்டினது நாங்கள்தான். "பாத்து இட்டுனு போங்கப்பா" என்று கை காட்டி விட்டுவிட்டார். அதற்கப்புறம் இங்கிலீஷ்காரன் சாலை. கப்பிக்கல் போட்டுக் கெட்டித்த சாலை. பெரிய பள்ளம் இல்லை, சின்னச் சின்ன மேடுதான், வரிவரியாக. அந்தமாதிரி சாலைதான் சாதாரண வில்வண்டியை ஆட்டிக் கொன்றுவிடும். நான் இறங்கித் திருகைச் சரியாக ஓர் இடத்துக்குக் கொண்டுவந்தேன். எங்கே என்று சொல்லத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். மாட்டை ஒரே நடையில் விட்டேன். வண்டி படகு மாதிரி போயிற்று. பின்னால் முனகல் நின்றது.

கொஞ்ச தூரம் போய்க் காதைத் தீட்டிக் கேட்டேன். சத்தமே இல்லை. எனக்கு அப்போது வந்த பெருமை இருக்கிறதே, அதை எழுத என்னிடம் வார்த்தை இல்லை.

"பாத்தீங்களா அண்ணி, தூங்கறாரு" என்றேன்.

"ம்" என்றார் அண்ணி. விசிறிக்கொண்டிருந்தார்.

வடக்குச் சாவடியில் ஒரு புது ஆள் இருந்தார். கடலூர்ப் பக்கத்துக்காரர் போல. வெயிலுக்குப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து வைக்கோலைத் தடியால் குத்திப் பார்த்தார். துணி, சாராயம் ஏதாவது ஒளித்துக் கொண்டுபோகிறோமா என்று பார்ப்பது அவர் வேலை.

"யாரு படுத்திருக்கிறது?"

"எங்க அண்ணன். வவுத்துல அடி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணி முந்தானையால் அண்ணன் முகத்துக்கு வெயில் மறைத்திருந்தார். "தூங்கறாரு, சத்தம் போடாதீங்க" என்றார்.

"அடிபட்ட ஆளு தூங்குறாரா? இந்த ரோட்டுலயா?"

கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் விடுவேனா? இறங்கி அவரைக் கையைப் பிடிக்காத குறையாக வண்டிக்கு அடியில் இழுத்துப்போனேன். வில்லைக் காட்டினேன். கத்தரிக்கோல் கையைக் காட்டினேன். "எஜமான், இந்தத் தோல் வட்டையைத் தொட்டுப் பாருங்க" என்றேன். அவர் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுதேய்யா!"

"சுடும். ரோட்டுல வர அடியெல்லாம் அதுக்குள்ள போயி சூடா ஆயிடுது. எங்க அண்ணனுக்குப் போவ வேண்டிய அடி அத்தனையும் உங்க கையில இருக்குது பாருங்க. மதராஸ்ல காட்டுங்க இந்த மாதிரி ஒண்ணு. கடலூர் கலெக்டரு வண்டியில இருக்குதா கேளுங்க."

"இன்னா பேச்சு பேசுற நீ!" என்று சிரித்தார். "செரி செரி, போ. எங்க பெரிய அதிகாரிக்கு ஒண்ணு செய்வியா?"

"கரும்பு முடியட்டும், செய்யறன்."

சாவடியைத் தாண்டி, தவளக்குப்பத்துக்குள் வந்து, நம்முடைய எல்லையில் முதல் வீடுகள் தெரிந்தபோது அண்ணி, "தம்பி, ஒரு மரத்தடியில நிறுத்துங்க" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன்.

நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அண்ணி விசிறியைக் கீழே வைத்திருந்தார்.

"போயிட்டாரு தம்பி. சாவடிக்கு முன்னாடியே போயிட்டாரு. கையைப் புடிச்சன், ஜில்லுன்னு இருந்துது. நீங்க திரும்பிப் பார்த்து அழுதிங்கன்னா அங்கயே புடிச்சிக்குவாங்க. அதான் சொல்லல."

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று அண்ணி பின்னால் சொன்னார்.

அங்கேயே யாரையாவது கூப்பிட்டு அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் எரித்திருக்கலாம். நம்முடைய எல்லைதான், கேட்பார் இல்லை. அதைத்தான் நான் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டினார்.

"பெத்த தாயி வாசல்ல நிக்கறாங்க. புள்ள வூட்டுல இருக்குது. கொள்ளி அவன்தான் வைக்கணும். முகம் பாக்காம அனுப்ப மாட்டன். வந்த வழியே திரும்புங்க."

"அண்ணி, அந்த சாவடி..."

"உசிரோட இருக்கிற மாதிரி போவலாம். நீங்க பேசுனா நம்புவாங்க. இப்ப நம்புனாங்க இல்ல?"

அதில் குத்தல் இல்லை. உண்மையைத்தான் சொன்னார். இருந்தாலும் எனக்கு நெஞ்சில் இறங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற நேரம் கழிய வேண்டும் என்று அந்த மரத்தடியில் காத்திருந்தோம். போகிறவர் வருகிறவர் யாராவது பார்த்தால், நோயாளி இளைப்பாறுகிறார் என்றோம். அண்ணி அழவில்லை. அண்ணன் வாய் திறந்துகொண்டே இருந்ததால், குளிருக்குக் கட்டுவதுபோலத் துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டினார். வெற்றிலையை மென்று அந்தச் சாற்றை விரலால் தொட்டு அவர் உதட்டில் தடவினார். உதடு சிவந்தது. என் அண்ணன் வெற்றிலை போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரியே இருந்தார்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. செத்த உடம்பின் தலை நிற்காது. வண்டி ஆடினால் அதுவும் கூடவே ஆடும், பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டு பக்கத் திருகையும் கடைசிவரைக்கும் முடுக்கினேன். அப்படி முடுக்கினால் வில் அசையாது, கட்டை வண்டிமாதிரி அடிக்கும். காலையெல்லாம் அவருக்கு வலிக்கக் கூடாது என்று தளர்த்தித் தளர்த்தி வந்தவன். இனிமேல் வலிக்காது. முடுக்கும்போது கை வழுக்கியது. திருகு நனைந்திருந்தது.

திரும்பி வரும்போது வடக்குச் சாவடிக்காரர் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, அதுக்குள்ள வந்துட்ட? டாக்டரு பாத்தாரா?"

"பாத்தாரு எஜமான். கட்டு போட்டு மருந்து குடுத்தாரு. வூட்டுலயே படுக்க வைக்க சொல்லிட்டாரு."

"இன்னும் தூங்குறாரு?"

"மருந்து குடுத்திருக்காங்க" என்றேன்.

அண்ணி உள்ளேயிருந்து, "இன்னாங்க, தண்ணி வேணுமா? கொஞ்சம் பொறுங்க, வூட்டுக்குப் போயிடலாம்" என்றார் அண்ணனைப் பார்த்து. துண்டைச் சரிசெய்தார்.

சாவடிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இப்படி பாத்துக்கறவ கெடச்சா நானும் வவுத்துல அடி பட்டுக்குவன்யா." சொல்லிக்கொண்டே வண்டியின் படியில் ஒரு காலை வைத்தார். "காலையில நீ பேசின பேச்சுக்கு ஏறிப் பாக்கணும்னு இருந்தன். எங்க, எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்" என்று பாரத்தைப் போட்டு மேலும் கீழும் அழுத்தினார்.

வண்டி அசையவில்லை. அவர் முகம் சுருங்கியது.

"இன்னாய்யா இது? மெத்தை மாதிரி இருக்கும்னு சொன்ன? கட்டையாட்டம் இருக்குது? வில்லுக்குள்ள எதையாவது அடைச்சு வச்சிருக்கியா?" என்று குனிந்து அடியில் பார்க்கப் போனார். பார்த்தால் வைக்கோலை மறுபடி கிளறுவார். கிளறினால் அண்ணன் மேல் கை படும்.

என் தொழிலைப் பற்றி நான் அன்றைக்கு வரைக்கும் ஒரு குறைச்சல் வார்த்தை பேசினதில்லை. அதற்கப்புறமும் பேசினதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"வெட்கக்கேடு எஜமான். காலையில உங்ககிட்ட பெருமை அடிச்சுட்டுப் போனன். பாதி வழியில எல்லாம் இறுகிப் பூட்டிக்கிச்சு. நமக்கு இன்னா தெரியும், கொல்லப் பட்டறைக்காரன். கார்ல பாத்து மாட்டினன். மோட்டாரு கம்பெனிக்காரன் மூளை நமக்கு வருமா? வண்டி ஓடறதே பெருசு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பந்தலில் இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு, "டேய், கலெக்டர் வண்டியில இல்லாத வித்தை பாரு இங்க! அரை நாள் தாங்கல!" என்றார். "போய்யா, போ. உன் அண்ணனாவது பொழச்சு எழுந்து உனக்கு வேலை கத்துக்குடுக்கட்டும்."

"ஆவட்டும் எஜமான்" என்றேன்.

மாட்டைத் தட்டினேன். இறுக்கின வண்டி அந்த வரிவரியான சாலையில் தடதடவென்று அடித்தது. அண்ணி இரண்டு கையாலும் அண்ணன் தலையை அணைத்துப் பிடித்துக்கொண்டார். தெற்குச் சாவடிக்காரர் எழுந்து நின்று பார்த்தார். எங்கள் முகத்திலிருந்து தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்காமல் தடுப்புக் கட்டையைத் தூக்கினார். நம்முடைய மண்பாதையில் சக்கரம் இறங்கின பிறகுதான் அண்ணி வாய்விட்டு அழுதார். அந்தச் சத்தம் கேட்டுக் கழனியில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைப் போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் வந்தார்கள்.

அம்மா முகம் பார்த்தார். பிள்ளை கையில் கொள்ளியைக் கொடுத்து நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர்ச் சுடுகாட்டில், எங்கள் அப்பாவை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தோம். எனக்குக் கிடைத்த மரியாதைகளில் எல்லாம் பெரியது, அண்ணனை அறுக்காமல் முழு உடம்பாகக் கொண்டுவந்து சேர்த்தான் என்று ஊர் பேசியதுதான்.

காரியம் எல்லாம் முடிந்து சில மாதம் ஆன பிறகு அண்ணியிடம் கேட்டேன். அதுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

"அண்ணன் எந்த எடத்துல போனாரு அண்ணி?"

அண்ணி நெல் புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியல தம்பி. மடியிலதான் இருந்தாரு, தெரியல. மண்ரோட்டுல ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகினாரு, உசிரு இருக்குதுன்னு தெரிஞ்சுது. அப்பறம் நீங்க எறங்கி ஏதோ சரி பண்ணீங்க. அதோட சத்தம் இல்ல. தூங்கறாருன்னு விசிறிகினே இருந்தன். எவ்ளோ நேரம் பொணத்துக்கு விசிறினனோ." முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டார். "ஒரு தரம் குலுங்கியிருந்தா குனிஞ்சு பாத்திருப்பன். வாயில ரெண்டு சொட்டு தண்ணி ஊத்தியிருப்பன். நல்ல வண்டி தம்பி அது. உங்களைச் சொல்லல."

பட்டறைக்குப் போனேன். மிராசுதார் வீட்டு வண்டி ஒன்று பாதியில் நின்றுகொண்டிருந்தது. கத்தரிக்கோல் கையும் தோல் வட்டையும் போடாமல் வெறும் வில்லோடு முடித்துக் கொடுத்தேன். நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "இன்னாப்பா, உன் வண்டின்னு நம்பி ஏறினா இந்த ஆட்டம் ஆடுது. வூட்டுல பொம்பளைங்க ஏற மாட்டன்றாங்க" என்றார் அவர்களுடைய ஆள். மாட்டைப் பக்கத்தில் கட்டச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து தோலை வட்டமாக வெட்டினேன். போட்டுக் கொடுத்தேன்.